பெல்ஃப்ளவர் வேலூர் மாடியில வருமா, ஏலகிரியில பாத்தது அதுதானா?

முதல்ல உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு தடவை சொல்லிடறேன், ஏன்னா ஒரே கேள்விக்குள்ள ரெண்டு மூணு ஒட்டிக்கிட்டு இருக்கு. நீங்க சத்துவாச்சாரில மாடித்தோட்டம் வெச்சிருக்கீங்க, "ப்ளூ பெல்ஃப்ளவர், ஒரு தடவை வெச்சா வருஷா வருஷம் பூக்கும்"னு போட்டிருந்ததைப் பாத்து ஆன்லைன்ல விதை வாங்கிட்டீங்க, பாக்கெட் பின்னாடி கேம்பனுலா பெர்சிசிஃபோலியான்னு பேர் இருக்கு. போன மாசம் ஏலகிரி ஏறும்போது வழியோரம் ஊதா கலர்ல மணி மாதிரி ஒரு பூவைப் படம் எடுத்தீங்க, கூட வந்தவர் இதுவும் பெல்ஃப்ளவர்தான்னு சொல்லிட்டாரு. அங்க காட்டுல தானா வர்றது நம்ம மாடில வராதான்னு கேக்கறீங்க. நிஜத்துல நீங்க கேக்கறது ஒண்ணுதான், இந்தச் செடிக்குச் சொந்த ஊர் எது, அந்த ஊர்ல அதுக்குக் கிடைக்கறது நம்ம ஊர்ல கிடைக்குமா. விதை, உரம், மண்கலவை எல்லாம் அதுக்கப்புறம்தான்.

நான் இந்தப் பக்கத்துக் காலேஜ்ல இருபத்தி நாலு வருஷம் பாட்டனி எடுத்தவன், பசங்களைக் கூட்டிக்கிட்டு ஏலகிரி, ஜவ்வாதுமலை, ஊட்டின்னு வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது அலைஞ்சிருக்கேன். ஐரோப்பா போனதில்ல, அதனால இந்தச் செடியை அதோட காட்டுல நேர்ல பாத்ததில்ல. ஊட்டில ஒரு பழைய பங்களா தோட்டத்துல உயிரோட பாத்திருக்கேன், ஹெர்பேரியத்துல, அதாவது செடிங்களைக் காய வெச்சு தாள்ல ஒட்டிப் பாதுகாக்கற இடத்துல, காஞ்ச ஷீட்டா பாத்திருக்கேன், மீதி எல்லாம் படிச்சது. அதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

கேம்பனுலா பெர்சிசிஃபோலியா ஐரோப்பாக் காட்டுச்செடி. ஆல்ப்ஸ் மாதிரி மலைப்பகுதிகள், பால்கன் நாடுகள், ஸ்வீடன் நார்வேயோட தென்பகுதி, போலந்து, ரஷ்யா, துருக்கி வரைக்கும் தானா வளருது. பிரிட்டன்லயும் காட்டோரம் நிக்கும், ஆனா அங்க பெரும்பாலும் தோட்டத்துல இருந்து தப்பிச்சுப் போனதுங்கதான். 1753-லயே ஸ்வீடன் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் இதுக்குப் பேர் வெச்சுட்டாரு. கேம்பனுலான்னா லத்தீன்ல சின்ன மணி, பெர்சிசிஃபோலியான்னா பீச் மரத்து இலை மாதிரி இலை உள்ளதுன்னு அர்த்தம், பீச் பழம் பாரசீகத்துல இருந்து வந்ததுன்னு ரோமாக்காரங்க நினைச்சதால அந்தப் பேர். நம்ம ஆளுங்களுக்கு அரளி இலையைக் கொஞ்சம் மெலிசா, ஓரத்துல லேசா பல் வெச்சுக் கற்பனை பண்ணிக்கிட்டா கிட்டத்தட்ட வந்துடும். தரையோட ஒட்டி இலை வட்டமா, முள்ளங்கி முளைச்சு வர்ற மாதிரி அடுக்கா உக்காந்திருக்கும், அதுக்கு நடுவுல இருந்து ரெண்டு மூணு அடிக்கு நேரா ஒரு தண்டு கிளம்பி அதுல வாய் அகலமான ஊதா மணிங்க வரிசையா வரும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட்டுக்குள்ள பூ முடிஞ்சிடும். தண்டு காஞ்சு போனாலும் அடியில அந்த இலை வட்டம் சாகாது, பனி மூடினாலும் கீழ உயிரோட கிடந்து அடுத்த வருஷம் திரும்ப தண்டு விடும். பாக்கெட்ல வருஷா வருஷம் பூக்கும்னு போட்டிருந்தது பொய் இல்ல, ஆனா அந்த வருஷம்ங்கறதுல ஒரு பனிக்காலமும் சேர்ந்து இருக்கு, அதைத்தான் பாக்கெட்ல போடல.

இன்னொண்ணு, காட்டுலன்னு சொன்னா நட்டநடுக் காட்டுல இருக்காது. ஓக் மாதிரி இலை உதிர்ற மரங்களோட ஓரம், மரம் வெட்டின திட்டு, சுண்ணாம்புப் பாறைச் சரிவு, இப்படி வெளிச்சமும் நிழலும் மாறி மாறி விழற இடம்தான் அதுக்குப் பிடிக்கும். மேல மரம் அடர்ந்து மூடிக்கிச்சுன்னா பூ குறைஞ்சு காணாமப் போயிடும். வேர் ஈரமா இருக்கணும், ஆனா தண்ணி தேங்கக் கூடாது.

பேர்ல நடக்கற குழப்பத்தையும் சொல்லிடறேன், விதை விக்கறவங்களுக்கு இந்தக் குழப்பம் ரொம்ப வசதி. இங்கிலாந்துல மே மாசம் காட்டையே நீலக் கம்பளமா ஆக்கற ப்ளூபெல் வேற, அது கிழங்குல இருந்து வர்ற செடி, இதுக்குச் சொந்தமே இல்ல. ஸ்காட்லாந்துக்காரங்க ப்ளூபெல்னு சொல்றது நம்ம கேம்பனுலா குடும்பத்து ஆளுதான், கேம்பனுலா ரோட்டண்டிஃபோலியா, ஹேர்பெல்னும் சொல்வாங்க. ரோட்டண்டிஃபோலியான்னா வட்ட இலை, ஆனா பூக்கற சமயத்துல போய்ப் பாத்தா வட்ட இலையே பெரும்பாலும் கண்ணுல படாது, அடியில இருந்தது காஞ்சு போயிருக்கும், தண்டுல இருக்கறதெல்லாம் நூல் மாதிரி இலை. பசங்க இதுல வருஷா வருஷம் மாட்டுவாங்க. இது சத்தில்லாத வறண்ட புல்வெளி, கடலோர மணல்மேடு, பாறை இடுக்குன்னு எங்க வேணாலும் நிக்கும். வட அமெரிக்காவுல இருக்கறதும் இதே இனமா, இல்ல தனியாப் பிரிக்கணுமான்னு ஆளுங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க, அதனால அமெரிக்கப் படம் ஒண்ணு, ஸ்காட்லாந்து படம் ஒண்ணு வெச்சுக்கிட்டு ஏன் மாறுதுன்னு குழம்பாதீங்க.

சரி, இந்தியாவுல இல்லவே இல்லையான்னா, இருக்கு. கேம்பனுலாவுல 400-க்கு மேல இனம் உண்டு, பெரும்பாலும் மத்தியதரைக்கடலைச் சுத்தியும் காக்கசஸ் மலைப் பக்கமும்தான், ஆனா அங்கிருந்து இமயமலை வரைக்கும் இறங்கி வந்திருக்கு. காஷ்மீர், ஹிமாசல் பக்கம் கேம்பனுலா லாட்டிஃபோலியா, ஆப்கானிஸ்தான்ல இருந்து இமயமலை வழியா சீனா வரைக்கும் கேம்பனுலா பாலிடா. நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், நம்ம நீலகிரியிலயே ஒண்ணு இருக்கு, கேம்பனுலா அல்ஃபோன்சி. உயரமான இடத்துப் பாறைல, இடுக்குல ஒட்டிக்கிட்டு வளர்ற சின்னப் பல்லாண்டுச் செடி, மேற்குத் தொடர்ச்சி மலையோட தென்பகுதியைத் தவிர உலகத்துல வேற எங்கயும் தானா வளர்றதில்ல. 1830-ல கேம்பனுலா குடும்பத்தை மொத்தமா ஆராய்ஞ்சு எழுதின அல்ஃபோன்ஸ் டி கண்டோல் பேர்லதான் அது இருக்கு. ஆக இமயமலைக்கும் நீலகிரிக்கும் நடுவுல இவ்வளவு பெரிய சமவெளியைத் தாண்டி ஒரு மணிப்பூ குளிர்ந்த உச்சியில மட்டும் தங்கிடுச்சு. அங்க இருந்து பாத்தா நம்ம பாலாத்துப் படுகை அதுக்குக் கடல் மாதிரிதான்.

இப்போ உங்க ஏலகிரிப் படம். ஏலகிரி உசரம் சுமார் 1,100 மீட்டர், ஊட்டி 2,200-க்கு மேல, அதாவது பாதிதான். ஏலகிரில சாயங்காலம் காத்து ஜில்லுனு இருக்கும், சரி, ஆனா பெர்சிசிஃபோலியா தானா வளர்ற குளிர் அது இல்ல, அதனால படத்துல இருக்கறது அது இல்லைன்னு உறுதியா சொல்லிடலாம். அப்போ அது என்னங்கறதுதான் கொஞ்சம் சந்தேகம், ஏன்னா படம் பூவோட வாய்க்கு நேரா எடுத்திருக்கீங்க, பின்னாடி ஒண்ணுமே தெரியல. ஓரத்துல தெரியற ரெண்டு இலை எதிரெதிரா இருக்கு, பூ புனல் மாதிரி, இதழ் கொஞ்சம் கசங்கின பட்டுத்துணி மாதிரி. என் கணக்குல நூத்துக்கு எண்பது இது நம்ம பட்டாசுக்காய் செடி, ரூயெல்லியா டியூபரோசா. சின்ன வயசுல அதோட காஞ்ச காயை எச்சில் தொட்டு உள்ளங்கைல வெச்சா டப்புன்னு வெடிக்குமே, பக்கத்துல உக்காந்த பையன் சட்டைக்குள்ள போட்டு அடி வாங்கியிருப்பீங்களே, அதேதான். அதுவும் நம்ம ஊர்ச் செடி இல்ல, மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்துல இருந்து வந்து இங்க ரோட்டோரம், ரயில்வே லைன் ஓரம்னு குடியேறினது. காலைல விரிஞ்ச பூ மத்தியானம் தாண்டினா உதிர்ந்து கிடக்கும்.

நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, லென்ஸ்கூட வேணாம். நான் கிளாஸ்ல சொல்றது, கத்தரிக்காயா சுரைக்காயான்னு பாருங்க. இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காயைக் கைல எடுத்தா அந்தப் பச்சைத் தொப்பி, முள்ளோட, காம்புப் பக்கம் உக்காந்திருக்கும், காய் அதுக்குள்ள இருந்து வெளிய வந்த மாதிரி இருக்கும். சுரைக்காய்ப் பிஞ்சுல அப்படி இல்ல, பிஞ்சு காம்போட ஒட்டிக் கீழ இருக்கும், பூ அதோட நுனியில உக்காந்திருக்கும். கேம்பனுலா சுரைக்காய் கட்சி. பூவைத் திருப்பி முதுகைப் பாத்தா காம்புக்கும் இதழுக்கும் நடுவுல சின்னக் குமிழ் ஒண்ணு, அதுதான் பின்னாடி காயாகப் போறது, அந்தக் குமிழுக்கு மேலதான் அஞ்சு பச்சைப் பல்லு இருக்கும். பட்டாசுக்காய் கத்தரிக்காய் கட்சி, பூவை உருவினா கழண்டு வந்துடும், பிஞ்சு பச்சைப் பல்லுங்களுக்கு நடுவுல பத்திரமா நிக்கும். இதோட இலை எதிரெதிரா இருக்கா மாத்தி மாத்தி இருக்கான்னும் பாருங்க, கேம்பனுலாவுக்கு மாத்தி மாத்திதான். தண்டைக் கிள்ளினா வெள்ளைப்பால் வரும், ஆனா பால் வந்ததை மட்டும் வெச்சு முடிவு பண்ணிடாதீங்க, எருக்குலயும்தான் பால் வருது.

ஒருவேளை திருப்பிப் பாத்து அது சுரைக்காய் கட்சின்னு தெரிஞ்சா, எனக்கு அடுத்து சந்தேகம் வால்லன்பெர்கியா மேலதான் வரும். அதுவும் இதே குடும்பம், மலைப் புல்லுக்கு நடுவுல குச்சி மாதிரி மெலிசான தண்டுல வெளிர் நீலத்துல ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத பூ. நடந்து போறவங்க மிதிச்சுட்டுப் போயிடுவாங்க. கேம்பனுலாவுக்கும் அதுக்கும் வித்தியாசம் காய்லதான், வால்லன்பெர்கியா காய் உச்சில, பச்சைப் பல்லுங்களுக்கு நடுவுல திறக்கும், கேம்பனுலா காய் பக்கவாட்டுல ஓட்டை விடும்.

அந்த ஓட்டையைப் பத்தி ரெண்டு வரி சொல்லாம நகர மனசு வரல. பெர்சிசிஃபோலியா காய் நிமிர்ந்து நிக்கும், அதோட ஓட்டை மேல்பக்கம். ஹேர்பெல் காய் தலைகீழாத் தொங்கும், அதோட ஓட்டை காம்புப் பக்கம், அதாவது தொங்கறப்போ அதுவும் மேல்பக்கம்தான். ரெண்டுலயும் விதை மொத்தமா கீழ கொட்டாது, காத்து வந்து தண்டை ஆட்டினா உப்பு டப்பாவைத் தட்டின மாதிரி கொஞ்சம் கொஞ்சமா சிதறும். ஊட்டில அந்த பங்களா தோட்டத்துல பசங்களோட உக்காந்து ஒரு மொட்டைப் பிளேடால கீறிப் பாத்தோம். பூ விரியறதுக்கு முன்னாடியே அஞ்சு மகரந்தப்பையும் பூவுக்குள்ள இருக்கற நடுத்தண்டைச் சுத்தி அணைச்சுக்கிட்டு தூளையெல்லாம் அதுமேல பூசிடுது, நடுத்தண்டுல பாட்டில் கழுவற பிரஷ் மாதிரி மயிர் இருக்கு, தூள் அதுல ஒட்டிக்குது. பூ விரிஞ்சப்போ பைங்க எல்லாம் ஏற்கனவே சுருண்டு அடில கிடக்கு, வண்டு வந்து பிரஷ்ல இருந்து தூளை எடுத்துக்கிட்டுப் போகுது. ரெண்டு நாள் கழிச்சுத்தான் நடுத்தண்டோட நுனி மூணாப் பிரிஞ்சு சுருண்டு வேற பூவோட தூளை வாங்கத் தயாராகுது. முதல்ல ஆம்பளை, அப்புறம் பொம்பளை. விரிஞ்ச பூவைப் பாத்த ஒரு பையன் "சார் மகரந்தம் தப்பான இடத்துல இருக்கு"ன்னான், அவன் அன்னிக்கு சரியாத்தான் பாத்தான்.

இப்போ மாடிக்கு வருவோம். விதை முளைக்கும். ஏமாத்தற இடமே அதுதான். நவம்பர், டிசம்பர்ல நம்ம ஊர்ல ராத்திரி 18, 19 டிகிரிக்கு இறங்கும், அந்த சமயத்துல மேல மண் போடாம சும்மா தூவி ஈரம் காக்க வெச்சா ரெண்டு மூணு வாரத்துல பச்சையா முளைச்சிடும், வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும்ங்கறதால மண்ணுல புதைக்கக் கூடாது. ஜனவரி, பிப்ரவரில அழகா இலை வட்டம் போடும், நீங்களும் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புவீங்க. மார்ச் கடைசில இலை ஓரம் காய ஆரம்பிக்கும், ஏப்ரல் வெயில் ஏறினதும் நடுக்குருத்து அழுகி ஒரே நாள்ல சாஞ்சிடும். நான் அனுபவிச்சது இது. ஊட்டில ஒரு நர்சரில ஆறு தொட்டி வாங்கிட்டு வந்து காட்பாடி வீட்டுல பச்சைவலைக்குக் கீழ, தென்னைநார்க் கழிவெல்லாம் போட்டு, தினம் ரெண்டு வேளை தண்ணி தெளிச்சு ராஜ வைத்தியம் பாத்தேன். ஏப்ரல் ரெண்டாவது வாரத்துல ஆறும் போச்சு. தண்ணி போதலைன்னு வீட்டம்மா சொன்னாங்க, பிடுங்கிப் பாத்தா வேர் சொதசொதன்னு இருந்துச்சு, அதிகத் தண்ணிதான். சூட்டுல வேர் வேலை செய்யல, நான் மேல மேல ஊத்தியிருக்கேன்.

பகல் வெயில் 40-ஐத் தாண்டறது மட்டும் காரணம்னு நினைக்காதீங்க, அதை நிழல்வலை போட்டு ஓரளவு சமாளிக்கலாம். ராத்திரிதான் பிரச்சனை. மே மாசம் சாதாரணமா ராத்திரிகூட 26, 27-க்குக் கீழ வர்றதில்ல, மாடி காங்கிரீட் விடியற வரைக்கும் சூட்டைக் கக்கிக்கிட்டே இருக்கும். குளிர்நாட்டுச் செடி பகல்ல செஞ்சு வெச்ச சாப்பாட்டை அந்தச் சூட்டுல ராத்திரியே மூச்சு விட்டுத் தீத்துடும், மிச்சம் பிடிக்க ஒண்ணும் இருக்காது. ஒரு பேச்சுக்கு அதைத் தாண்டிடுச்சுன்னே வெச்சுக்கோங்க, பூக்கறதுக்கு அதுக்குக் குளிர் வேணும், 5 டிகிரி பக்கத்துல ரெண்டு மாசத்துக்கு மேல கிடந்தாத்தான் பனிக்காலம் முடிஞ்சதுன்னு கணக்குப் பண்ணித் தண்டு விடும். வேலூர் வரலாறுல அப்படி ஒரு மாசம் கிடையாது. தொட்டியோட ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமான்னு ஒருத்தர் என்கிட்ட கேட்டாரு, வைக்கலாம், ஆனா ரெண்டு மாசத்துக்கு மோரையும் மாவையும் எங்க வைப்பீங்க.

அப்போ குளிர் கேக்காத கேம்பனுலா வாங்கிக்கலாமேன்னு கேப்பீங்க. கார்பாத்திய மலையோட கேம்பனுலா கார்பாட்டிகா அப்படிப்பட்டது, தொட்டிச் செடியா உலகம் முழுக்க விக்கறாங்க. ஆனா அது பகல் எவ்வளவு நீளம்னு அளந்து பூக்கற செடி, 14, 16 மணி நேரம் வெளிச்சம் கிடைச்சாத்தான் மொட்டு வைக்கும். லண்டன்ல ஜூன் மாசம் பகல் பதினாறரை மணி நேரம், நமக்கு வருஷத்துலயே நீளமான பகல் 13 மணி நேரத்தைத் தொடாது. நர்சரிக்காரங்க சாயங்காலம் லைட் போட்டு ஏமாத்திப் பூக்க வைப்பாங்க, நீங்க பூவோட வாங்கிட்டு வருவீங்க, அந்தப் பூ முடிஞ்சதும் அடுத்த பூவுக்கு அது காத்துக்கிட்டே இருக்கும். வெயிலூர்னு நம்ம ஊரைக் கிண்டல் பண்றாங்க, ஆனா இந்தச் செடி கணக்குல நம்ம வெயில் நேரம் பத்தல.

வாங்கின விதையை என்ன பண்றதுன்னா, முதல்ல பாக்கெட்டைப் பிரிச்சு வெள்ளைப் பேப்பர்ல கொட்டிப் பாருங்க. பெர்சிசிஃபோலியா விதை கசகசாவை விட சன்னமா, பழுப்பா, கொஞ்சம் பளபளன்னு இருக்கும், தும்மினா பறந்துடும். மிளகு சைஸ்ல கறுப்பா, ஆரஞ்சுச் சுளை மாதிரி ஒரு பக்கம் சப்பையா இருந்தா அது மார்னிங் குளோரி, கொடியா ஏறும், நம்ம ஊர்ல நல்லாவே வரும், அந்த விதத்துல ஏமாத்தினவர் உங்களுக்கு நல்லதுதான் பண்ணியிருக்காரு. சன்னமா இருந்தா பாதியை ஊட்டி, கொடைக்கானல்ல சொந்தக்காரங்க இருந்தா அனுப்பிடுங்க, அங்க வரும். ஊட்டில நான் பாத்தது செழிப்பா நின்னுச்சு, பூ மட்டும் கொஞ்சம் கஞ்சத்தனமா விட்டிருந்துச்சு. மீதியை ஆசைக்கு நவம்பர்ல தூவுங்க, ஏப்ரல்ல அழாதீங்க.

ஊதா மணிதான் வேணும்னா தன்பெர்ஜியா எரெக்டா வைங்க, ஆப்பிரிக்கச் செடி, கரும் ஊதாப் பூ, உள்ள மஞ்சள் தொண்டை, அரை நாள் வெயில் போதும், வெட்டி விட்டா புதரா நிக்கும், பக்கத்துல எந்த நர்சரில கேட்டாலும் இருக்கும். ஆஞ்சலோனியாவும் இந்த வெயிலைத் தாங்கும். மணி உருவம் பரவாயில்ல, நீலம்தான் முக்கியம்னா சங்குப்பூவை விட்டு வேற எதுக்குப் போறீங்க. கேம்பனுலா குடும்பத்துல ஒண்ணாவது வீட்டுல இருக்கணும்னு பிடிவாதமா இருந்தா லொபேலியா எரினஸ் நவம்பர்ல வாங்கி பிப்ரவரி வரைக்கும் வெச்சுக்கலாம், தென்னாப்பிரிக்காக்காரி, கருநீலப் பூ, என் வீட்டுல ரெண்டு வருஷம் பொங்கல் வரைக்கும் தொட்டி வழியப் பூத்துச்சு, வெயில் ஏறினதும் பிடுங்கிப் போட்டுடுவேன்.

ஏலகிரி திரும்பப் போனா அதே இடத்துல வண்டியை ஓரம்கட்டி பூவோட முதுகுப்பக்கம் ஒரு படம், இலை தண்டுல ஒட்டற இடத்துல ஒரு படம் எடுத்துட்டு வாங்க. காஞ்ச காய் கிடைச்சா எச்சில் தொட்டுப் பாருங்க. வெடிச்சா எனக்குப் படமே வேணாம்.